தாதுவுக்குக் கந்தகம் கொடுத்தது யார்?

வீட்டு வாசல் கேட், மொட்டை மாடிக் கூரைத் தகடு, தெருமுனை மின்கம்பத்தின் கொக்கி எல்லாம் சீக்கிரம் துருப்பிடித்துவிடாமல் இருக்கத் துத்தநாகம் பூசுகிறார்கள். அந்தத் துத்தநாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சுரங்கத்திலிருந்து என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சுரங்கத்துக்குள் அது எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

உங்கள் ஊர்ப் பாறையை உடைத்துப் பொடியாக்கிச் சோதித்தாலும் அதில் துத்தநாகம் இருக்கும். பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு 70 கிராம். ஆனால் அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவில் ஒரு வீட்டையே வாங்கிவிடலாம். நல்ல துத்தநாகச் சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்கு 80 கிலோ கிடைக்கிறது, அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். எங்கும் தூவிக் கிடந்த உலோகத்தை ஓரிடத்தில் இப்படிக் குவித்தது எது? 'பூமிக்கு அடியிலிருந்து நெருப்புக் குழம்பு கொண்டுவந்தது' என்ற பதிலைப் பள்ளியில் கேட்டிருப்போம். சில சுரங்கங்களுக்கு அது பொருந்தும். இந்த அத்தியாயத்தில் வரும் சுரங்கத்துக்குப் பொருந்தாது.

நேவன் புல்வெளிக்கு அடியில்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து வடமேற்கே 50 கி.மீ. போனால் நேவன் என்ற சிற்றூர். பாய்ன், பிளாக்வாட்டர் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். சுற்றிலும் மாடு மேயும் பசும்புல் வெளி. 1970இல் அந்த வயல்களின் மண்ணை எடுத்துச் சோதித்தபோது துத்தநாகமும் ஈயமும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. துளையிட்டுப் பார்த்தார்கள். 1977இல் டாரா சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கம் அதுதான். அங்கே இருந்த தாது 10 கோடி டன்னைத் தாண்டும். அதில் துத்தநாகம் ஏறத்தாழ 8 சதவீதம், ஈயம் சுமார் 2 சதவீதம்.

இந்தத் தாது இருப்பது சுண்ணாம்புப் பாறையில். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய அயர்லாந்து நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தபோது, அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து உருவான பாறை அது.

நேவன் தாதுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த ஸ்பேலரைட் என்ற கனிமம் தேன்நிறத்திலும் பழுப்பிலும் மெல்லிய வரிவரியாகப் படிந்திருக்கும். அதன் ஊடே ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா, சாம்பல் நிறப் பளபளப்போடு கிளைகிளையாகப் பிரிந்து ஓடும். இவ்வளவு நுணுக்கமான படிகங்கள் நிதானமாக வளர்ந்திருக்க முடியாது. கரைசலில் இருந்தது ஏதோ ஒன்றைச் சந்தித்துச் சட்டென்று திடமாகியிருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கந்தகம் உதவியது.

உலோகத்துக்கு ஒரு ஜோடி

தாது என்றதும் எல்லோரும் உலோகத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் ஸ்பேலரைட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். நேவனுக்கு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 10 கோடி டன் தாதுவில் 8 சதவீதம் என்றால் 80 லட்சம் டன் துத்தநாகம். அதோடு சேர்ந்து ஸ்பேலரைட் ஆக சுமார் 40 லட்சம் டன் கந்தகம் வேண்டும். ஈயத்தோடும் இரும்போடும் சேர்ந்த கந்தகத்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவும் எங்கிருந்து வந்தது?

உலோகத்தோடு சேர்ந்தே வந்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் வேதியியல் குறுக்கே நிற்கிறது. துத்தநாகம் பாறைக்குள் பயணிப்பது சூடான உப்புநீரில். உப்பிலுள்ள குளோரைடு துத்தநாகத்தைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கிறது. அந்த நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயு, போதிய அளவு கலந்தால் துத்தநாகம் குளோரைடை விட்டுவிட்டுக் கந்தகத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். ஆகவே நிறைய உலோகத்தைச் சுமக்கும் நீர், இந்த வகைக் கந்தகத்தை நிறையச் சுமக்க முடியாது. இரண்டும் தனித்தனி வழியில் வந்து ஓரிடத்தில் சந்திக்க வேண்டும்.

நேவனில் உலோகம் வந்த வழி ஓரளவு தெளிவாகியிருந்தது. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் அதைவிடப் பழமையான மணற்பாறைகளும் களிப்பாறைகளும் இருக்கின்றன. உப்புநீர் பாறை முறிவுகள் வழியாகக் கீழே இறங்கி, சூடாகி, அந்தப் பழைய பாறைகளிலிருந்து துத்தநாகத்தையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு மேலே ஏறியது. சந்திப்புக்கு வந்த மறு தரப்பு யார் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

ஒரே கந்தகம், நான்கு எடை

கந்தக அணு ஒவ்வொன்றின் கருவிலும் 16 புரோட்டான்கள் உண்டு. நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறும். பெரும்பாலான அணுக்களில் 16 நியூட்ரான்கள், சிலவற்றில் 17, 18 அல்லது 20. வேதியியல் குணம் ஒன்றாகவே இருந்து எடையில் மட்டும் வேறுபடும் இந்த வடிவங்களை ஐசோடோப்புகள் என்கிறோம். இயற்கையில் 100 கந்தக அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 95 அணுக்கள் எடை குறைந்த கந்தகம்-32. நான்குக்குச் சற்று அதிகமானவை கந்தகம்-34. மற்ற இரண்டும் மிகச் சொற்பம். நமக்கு இனி வேண்டியது 32, 34 என்ற இரண்டு மட்டும்.

இவற்றில் எதுவுமே கதிரியக்கத்தால் சிதைவதில்லை. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும். கந்தகம் அப்படி மாறாது. 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்பேலரைட் படிகத்துக்குள் என்ன விகிதத்தில் போய் உட்கார்ந்ததோ, படிகம் கலையாதவரை அதே விகிதத்தில்தான் இன்றும் இருக்கும். இந்த முறைக்கே அடிப்படை அதுதான்.

விண்கல்லே அளவுகோல்

விகிதத்தை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரும்பு விண்கல் விழுந்து பெரும் பள்ளத்தை உண்டாக்கியது. அதன் சிதறல்களுக்குக் கேன்யன் டயப்லோ விண்கல் என்று பெயர். அதனுள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த ட்ராய்லைட் என்ற கனிமம் உண்டு. சூரியக் குடும்பம் பிறந்த காலத்துக் கந்தகம் அது. பூமியின் கடலும் உயிரும் அதைத் தொட்டதில்லை. அதில் ஒரு கந்தகம்-34 அணுவுக்குச் சுமார் 22 கந்தகம்-32 அணுக்கள் இருந்தன. அந்த விகிதத்துக்குப் பூஜ்ஜியம் என்று மதிப்புக் கொடுத்தார்கள்.

ஒரு மாதிரியில் கனமான கந்தகத்தின் விகிதம் விண்கல்லைவிட ஆயிரத்துக்கு 10 பங்கு அதிகமாக இருந்தால் அதன் மதிப்பு +10. ஆயிரத்துக்கு 10 பங்கு குறைந்தால் -10. இந்த மதிப்பை இனி 'கந்தக எண்' என்று அழைப்போம்.

இதை அளக்கத் தாதுவைப் பொடியாக்கி, கந்தகத்தை எரித்துக் கந்தக டைஆக்சைடு வாயுவாக்குவது வழக்கமான முறை. வாயுவை நிறை நிறமாலைமானி என்ற கருவிக்குள் செலுத்தினால் காந்தப்புலம் இலேசான மூலக்கூறுகளை அதிகமாகவும் கனமானவற்றைக் குறைவாகவும் வளைத்துப் பிரிக்கும். இரண்டையும் எண்ணி விகிதம் காணலாம். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டைக்கூட இன்றைய கருவிகள் பிடித்துவிடும்.

பூமிக்குள்ளிருந்து நேராக வரும் பாறைக்குழம்பின் கந்தக எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது. விண்கல்லும் பூமியும் ஒரே மூலப்பொருளில் உருவானவை என்பதால் இதில் வியப்பில்லை. கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டை எடுத்தால், இன்று உலகக் கடல்கள் முழுவதும் அது +21. நேவன் சுண்ணாம்பு படிந்த காலத்துக் கடலிலும் ஏறத்தாழ இதே அளவுதான். பூமியின் ஆழத்தில் பூஜ்ஜியம், கடலில் +20க்கு மேல். அப்படியென்றால் பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே, எதிர்மறையில் இறங்கும் கந்தகம் யாருடையது?

சேற்றுக்குள் மூச்சுவிடும் உயிர்கள்

உப்பங்கழிச் சேற்றைக் காலால் கிளறியிருக்கிறீர்களா? கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். காற்றே எட்டாத அந்தச் சேற்றுக்குள் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. நாம் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவையும் நீராவியையும் விடுவதுபோல, அவை சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகின்றன. அந்த வாடை அதனால்தான் வருகிறது. அந்த வாயு இரும்போடு சேர்வதால்தான் சேறு கறுக்கிறது.

சல்பேட்டில் ஒரு கந்தக அணு நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்திருக்கிறது. பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். கந்தகம்-32 இருக்கும் பிணைப்பு, கந்தகம்-34 இருக்கும் பிணைப்பைவிடச் சிறிதளவு எளிதில் உடைகிறது. மிகச் சிறிய வேறுபாடுதான், ஆனால் கோடானுகோடி முறை நடக்கும்போது அது சேர்ந்துகொண்டே போகிறது. வெளியேறும் வாயுவில் இலேசான கந்தகம் மிகுந்திருக்கும், மிச்சமாகும் சல்பேட்டில் கனமானது தங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாரி தோட் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் 1951இல் பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்தே இதைக் காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் போகும் கந்தகத்துக்கும் வெளியே வருவதற்கும் இடையிலான இடைவெளி பல நேரங்களில் ஆயிரத்துக்கு 30, 40 பங்கு இருக்கும், 60ஐத் தாண்டுவதும் உண்டு.

சல்பேட் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருந்தால்தான் இந்த இடைவெளி அப்படியே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. திறந்த கடலோடு தொடர்புள்ள சேற்றில் புதிய சல்பேட் வந்துகொண்டே இருக்கும், வாயுவும் இலேசாகவே இருக்கும். தொடர்பு அறுந்த குட்டையில் பாக்டீரியா இருப்பதையெல்லாம் தீர்த்துவிடும். முடிவில் கனமான கந்தகமும் செலவாகி, கந்தக எண் மேலே ஏறிவிடும்.

இரண்டு குடும்பங்கள்

நேவன் தாதுவுக்குத் திரும்புவோம். தாதுத் துண்டின் வெவ்வேறு பகுதிகளைத் தனித்தனியே அளந்தபோது கந்தக எண்கள் ஓரிடத்தில் குவியாமல் இரு குடும்பங்களாகப் பிரிந்தன. நுணுக்கமான வரிகளாகவும் கிளைகளாகவும் படிந்தவை பெரும்பாலும் எதிர்மறையில் இருந்தன, சில -20க்கும் கீழே. நிதானமாக வளர்ந்த பெரிய படிகங்கள் பெரும்பாலும் நேர்மறையில் இருந்தன. கையகலத் துண்டு ஒன்றிலேயே இரண்டு குடும்பங்களும் அடுத்தடுத்துக் காணப்படுவதுண்டு.

நேர்மறைக் குடும்பத்துக் கந்தகம், சூடான நீரோடு கீழிருந்து வந்தது. உலோகத்தை வழியிலேயே வீழ்படிவாக்காத அளவுக்குச் சொற்பமாகத்தான் அது வந்திருக்க முடியும். எதிர்மறைக் குடும்பம் மேலிருந்து வந்தது. கடல்நீரின் சல்பேட் +20 அளவில் இருக்க, தாது -20 என்றால் இடைவெளி 40. இவ்வளவு பெரிய இடைவெளியைச் சூட்டினால் மட்டும் விளக்குவது கடினம். சல்பேட்டை வெப்பம் சிதைக்கும்போது கிடைக்கும் இடைவெளி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. கொதிக்கும் நீரில் இந்தப் பாக்டீரியாக்கள் வாழவும் முடியாது. ஆகவே குளிர்ந்த கடலடிச் சேற்றிலும் அங்கே தேங்கிய உப்புநீரிலும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தயாரித்து நிரப்பியிருக்க, அடியிலிருந்து முறிவு வழியாக ஏறிய சூடான உலோக நீர் அதைச் சந்தித்திருக்கிறது. சந்தித்த கணத்திலேயே உலோகம் நுணுக்கமான படிகங்களாகப் படிந்துவிட்டது.

இரண்டு தரப்பும் இருந்தது தெரிந்துவிட்டது. ஆனால் எந்தத் தரப்பு எவ்வளவு கொடுத்தது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லுபடியாகாது. எடுத்த சோறு -20 என்றால் ஒரு முடிவு, +10 என்றால் நேர்மாறான முடிவு. ஆய்வாளர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த துண்டுகளையே பொறுக்கியிருந்தால் முழுப் பானையின் ருசியும் தப்பாகிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சுரங்க ஆலையே தினமும் பானையைக் கலக்கிக்கொண்டிருந்தது. வெவ்வேறு இடங்களில் வெட்டிய ஆயிரக்கணக்கான டன் பாறையை அங்கே மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையில் தாதுவை மட்டும் பிரிப்பார்கள். அப்படி அடர்ப்பித்த தாதுவில் ஒரு தேக்கரண்டி எடுத்தால்கூட அது சுரங்கத்தின் பெரும்பகுதிக்குச் சராசரி. ஃபாலிக், ஆஷ்டன், பாய்ஸ், எல்லம், ரஸ்ஸல் என்ற ஐவர் அந்தத் தாதுப்பொடியை அளந்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரிக் கந்தக எண் -13.6.

இதை நாமே ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வசதிக்காகப் பாக்டீரியாக் கந்தகத்தின் சராசரியை -15 என்றும், கீழிருந்து வந்ததை +10 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே 25 படிகள். இரண்டும் சரிபாதி கலந்தால் -2.5 வர வேண்டும். கீழிருந்து வந்தது ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் -10தான் வரும். நமக்குக் கிடைத்தது -13.6. அது பாக்டீரியா முனையிலிருந்து 1.4 படிதான் தள்ளி நிற்கிறது. 25இல் 1.4 என்றால் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, நூற்றுக்கு 94 பங்கு பாக்டீரியா தந்த கந்தகம். முனைகளின் எண்களைச் சற்று மாற்றினால் விடையும் சற்று நகரும், அவ்வளவுதான். அந்த ஐவரும் கண்ட முடிவு, 90 சதவீதத்துக்கும் மேல் என்பது.

கீழிருந்து வந்த கந்தகம் மட்டும் இருந்திருந்தால் நேவனில் ஏதோ கொஞ்சம் தாது படிந்திருக்கும். பத்து மடங்கு பெருக்கி அதை ஐரோப்பாவின் பெரிய சுரங்கமாக்கியது கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் மூச்சு. அவை இல்லையென்றால், கீழிருந்து எவ்வளவு துத்தநாகம் ஏறி வந்திருந்தாலும் பெரும்பகுதி கடலில் கரைந்து போயிருக்கும்.

நொரில்ஸ்கின் கனமான கந்தகம்

இதே கேள்வியைச் சைபீரியாவின் வடக்கே நொரில்ஸ்கில் கேட்டால் எதிர்த்திசையில் பதில் வருகிறது. அங்கே நிக்கல், செம்பு, பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் கிடைக்கின்றன. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பரப்பை மூடிய பிரம்மாண்டமான எரிமலைக் குழம்போடு தொடர்புடையவை அவை. பள்ளிப் பாடத்தின் 'நெருப்புக் குழம்பு' விடை பொருந்த வேண்டிய இடம். குழம்பின் சொந்தக் கந்தகம் என்றால் கந்தக எண் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் தாதுவில் கிடைத்தது +8இலிருந்து +12 வரை.

குழம்பு மேலே வந்த வழியில் பழைய கடல் ஒன்று வற்றிப்போய் விட்டுச்சென்ற படிவுகள் இருந்தன. கால்சியம் சல்பேட் அடுக்குகளான அவற்றில் கடலின் கனமான கந்தகம் இருந்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இது: குழம்பு அந்தப் படிவுகளை உருக்கி விழுங்கியது, கந்தகம் அளவுக்கு மிஞ்சியதும் சல்ஃபைடுத் துளிகளாகப் பிரிந்தது, துளிகள் சுற்றியிருந்த குழம்பிலிருந்து நிக்கலையும் பிளாட்டினத்தையும் உறிஞ்சிக்கொண்டு அடியில் தங்கின. அங்கும் உலோகம் பூமியின் ஆழத்திலிருந்து வந்தது. அதைக் குவித்த கந்தகம் கடலுடையது.

எண் தனியாகப் பேசாது

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை அவசியம். கந்தக எண் பூஜ்ஜியம் என்றதும் பூமியின் ஆழத்திலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. -10ம் +10ம் சரிபாதி கலந்தாலும் பூஜ்ஜியம்தான் வரும். பாக்டீரியா மூடிய குட்டையில் கடைசிச் சல்பேட்வரை தீர்த்திருந்தால் அதன் கந்தகம் நேர்மறையிலும் ஏறிவிடும். அதனால்தான் நேவனில் எண்ணோடு படிகத்தின் வடிவத்தையும் பார்த்தார்கள். படிகத்துக்குள் சிக்கிக்கொண்ட நுண்ணிய நீர்த்துளிகளைச் சூடாக்கி, அந்தக் காலத்து நீரின் வெப்பத்தையும் உப்பளவையும் கணித்தார்கள். முறிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் கவனித்தார்கள். எல்லாம் ஒரே கதையைச் சொன்னபோதுதான் அந்தக் கதையை நம்பினார்கள்.

அந்தக் கதையோடு ஒத்துப்போகும் சாட்சி அயர்லாந்திலேயே இன்னொரு இடத்திலும் கிடைத்திருக்கிறது. சில்வர்மைன்ஸ் என்ற சுரங்கத்தில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமத்தால் ஆன சிறு குழாய்களைக் கண்டெடுத்து, கடலடி வெந்நீர் ஊற்றுகளின் புதைபடிவப் புகைபோக்கிகள் என்று பாய்ஸ், கோல்மன், ரஸ்ஸல் மூவரும் 1983இல் அறிவித்தார்கள். சூடான நீர் கடலடிக்கே ஏறி வந்திருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. மைக்கேல் ரஸ்ஸல் அத்தோடு நிற்கவில்லை. பூமியின் முதல் உயிரே இத்தகைய கடலடி ஊற்றுகளில் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தைப் பிறகு வளர்த்தெடுத்தார்.

தாது தேடுபவர்களுக்கு இதனால் என்ன பயன்? முன்பெல்லாம் உலோகம் நிறைந்த பாறை அடியில் இருக்கிறதா, அது ஏறிவர முறிவு இருக்கிறதா என்று கேட்டால் போதும் என்றிருந்தது. இப்போது மூன்றாவது கேள்வியும் சேர்ந்துவிட்டது. அந்த முறிவின் வாயில், அதே காலத்தில், சல்பேட்டும் பாக்டீரியாவும் தட்டுப்பாடில்லாமல் இருந்த கடல் இருந்ததா? 2012இல் நேவனைச் சுற்றி நில அதிர்வு அலைகளைச் செலுத்திச் சோதித்தார்கள். அந்த அலைகளால் துத்தநாகத்தைக் காட்ட முடியாது. புதைந்துபோன முறிவுகளையும் அவற்றின் ஓரமாகக் கடலடி சரிந்த இடங்களையும்தான் காட்டும். அந்தப் படத்தை நம்பித் துளையிட்டபோது, பழைய சுரங்கத்துக்குத் தெற்கே, 1 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில், டாரா டீப் என்ற புதிய தாதுப்படிவு கிடைத்தது.